சாமி எழுந்ததிலிருந்து பள்ளியறை வரை: இந்து வழிபாட்டுக்கு ஓர் அறிமுகம்

இந்து சமயத்தைத் தெரிந்துகொள்ள வருபவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தடுமாறிப்போகிறார்கள். தோற்றுவித்தவர் என்று ஒருவர் கிடையாது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே நூலும் இல்லை. சிவனா, பெருமாளா, அம்மனா, ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியா என்று கேட்டால் "எல்லாமே சாமிதான்" என்று பதில் வரும். வேதம், உபநிடதம், கர்மா, மறுபிறவி, மோட்சம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் அறிமுக நூல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஒரு கோயிலுக்குள் நுழைந்தால், படித்ததற்கும் அங்கே நடப்பதற்கும் என்ன தொடர்பு என்றே புரியாது. கல்லுக்கு ஏன் பால் ஊற்றுகிறார்கள், நடுவில் ஏன் திரை போடுகிறார்கள், ஏன் ஒரு செம்புச் சிலையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் போகிறார்கள் என்பதெல்லாம் புதிராகவே நிற்கும்.

அதனால் மறுமுனையிலிருந்து, கண்ணால் பார்க்கக்கூடிய வழிபாட்டிலிருந்து, தொடங்குவது நல்லது. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வழிபடுகிறவர் தன் முன்னால் இருப்பதை ஒரு பொருளாக நினைப்பதில்லை, ஓர் ஆளாக நினைக்கிறார். நம் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவருக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் சாமிக்கும் செய்கிறார். சடங்குகளில் பெரும்பகுதி இதிலிருந்து விளங்கிவிடும்.

மஞ்சளில் பிடித்த பிள்ளையார்

இதைப் பார்க்கக் கோயிலுக்குக்கூடப் போக வேண்டாம். வீட்டில் ஒரு கல்யாணமோ கிரகப்பிரவேசமோ தொடங்கும்போது கொஞ்சம் முன்னால் போய் உட்கார்ந்து கவனியுங்கள். மஞ்சள்தூளில் சிறிது தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல்களால் கூம்பாகப் பிடிப்பார்கள். அதை ஒரு வெற்றிலைமேல் வைத்துக் குங்குமப் பொட்டிட்டு, உச்சியில் ஓர் அறுகம்புல்லைச் செருகுவார்கள். இதுவரை அது வெறும் மஞ்சள்தான். அப்புறம் புரோகிதர் மந்திரம் சொல்லி, பூவும் அட்சதையும் போட்டு, "இதில் வந்து இருங்கள்" என்று பிள்ளையாரை அழைப்பார். இதற்கு ஆவாகனம் என்று பெயர்.

அழைத்தாயிற்று, அவரும் வந்துவிட்டார். இனி உபசாரம். உட்கார ஆசனம், காலலம்பத் தண்ணீர், கையலம்பத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், குளியல், உடுக்கத் துணி, பூணூல், சந்தனம், பூ, சாம்பிராணிப் புகை, விளக்கு, சாப்பாடு, வெற்றிலை பாக்கு, கற்பூர ஆரத்தி, கடைசியில் வலம் வந்து விழுந்து கும்பிடுவது. அழைப்பையும் சேர்த்து இவற்றைச் சோடச உபசாரம், அதாவது 16 உபசாரம் என்பார்கள். கையில் எல்லாப் பொருளும் இல்லையென்றால் பரவாயில்லை. துணிக்குப் பதிலாக இரண்டு அட்சதை, நகைக்குப் பதிலாக ஒரு பூ என்று போட்டுவிடுவார்கள். பொருள் குறையலாம், மரியாதை குறையக் கூடாது என்பதுதான் கணக்கு.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பூஜை முடிந்ததும் "உங்கள் இடத்துக்கே எழுந்தருளுங்கள்" என்று வேண்டிக்கொண்டு, அந்த மஞ்சளை வெற்றிலையோடு வடக்குப் பக்கமாகச் சற்றே நகர்த்துவார்கள். அவ்வளவுதான், பிள்ளையார் விடைபெற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துவிடலாம். வீட்டுப் பெண்கள் கொஞ்சம் எடுத்துத் தாலியில் பூசிக்கொள்வதும் உண்டு. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாரைக் குளத்தில் கரைப்பதும், வங்காளத்தில் துர்க்கை உருவத்தை விஜயதசமியன்று ஆற்றில் விடுவதும் இதே முறைதான். மண்ணையும் மஞ்சளையும் கும்பிடுகிறார்கள் என்று சொல்பவர்கள், அழைப்பதையும் வழியனுப்புவதையும் கவனிக்காமல் நடுவில் நடப்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

போகாமல் தங்கிவிட்ட சாமி

வீட்டுப் பூஜையில் சாமி வந்துபோகிறார் என்றால், கோயிலில் அவர் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறார். அதனால் அங்கே ஏற்பாடுகளும் பெரிது. சிற்பி செதுக்கிய சிலையைக் கொண்டுவந்த அன்றே யாரும் கும்பிட ஆரம்பித்துவிட மாட்டார்கள். தண்ணீருக்குள் கிடத்துவார்கள், தானியத்துக்குள் கிடத்துவார்கள். கண் திறப்பு என்று தனியாக ஒரு சடங்கு இருக்கிறது. பீடத்தோடு சிலையைப் பொருத்தச் சிமெண்ட் பயன்படுத்துவதில்லை. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து, கையில் உருட்டும் பதம் வரும்வரை இடித்து, அதைப் பீடத்தைச் சுற்றி அடைப்பார்கள். இதுதான் அஷ்டபந்தன மருந்து. காலப்போக்கில் இது இறுகி விரிசல் விடும். அதனால் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். யாகசாலையில் கும்பங்களை வைத்து, அந்த நீரில் சாமியை எழுந்தருளச் செய்து, பல வேளைகள் யாகபூஜை நடத்தி, பிறகு அந்த நீரை விமானத்தின் கலசத்திலும் மூலவர்மேலும் சேர்ப்பதுதான் கும்பாபிஷேகம்.

குடமுழுக்குக்கு முன்னால் நடக்கும் இன்னொரு சடங்கைப் பலர் கவனிப்பதே இல்லை. திருப்பணி தொடங்கும் முன், மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றிக் கோயிலிலேயே வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். இதற்குப் பாலாலயம் என்று பெயர். வேலை முடியும்வரை, மாதக்கணக்கானாலும் சரி, பூஜையெல்லாம் அந்தப் பலகைக்குத்தான். கருவறைக்குள் ஸ்தபதியும் கொத்தனாரும் தாராளமாகப் போய் வேலை பார்ப்பார்கள். அதே கல் அதே இடத்தில் இருக்கும், ஆனால் சாமி அங்கே இல்லை. வழிபாடு கல்லுக்கா, கல்லில் இருப்பவருக்கா என்று யாராவது கேட்டால் இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஓர் ஆள் தங்கியிருக்கிறார் என்றால் அவருக்கு வீடு வாசல், நிலபுலன், பணியாட்கள் எல்லாம் வேண்டுமே. 1010ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், சாமிக்குச் சேவை செய்ய 400 தளிச்சேரிப் பெண்டுகளையும் (கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர்), திருப்பதியம் என்ற தேவாரப் பாடல்களைப் பாட 48 பேரையும் அமர்த்திய விவரத்தைக் கோயில் சுவரிலேயே கல்வெட்டாக வெட்டிவைத்திருக்கிறான். சோழர் காலக் கல்வெட்டுகள் சாமியை "உடையார்" என்றே அழைக்கின்றன. நிலம் அவர் பெயரில்தான் இருக்கும். இன்றைய இந்தியச் சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. கோயில் தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர். சொத்து வைத்திருக்கலாம், தன் சார்பில் ஒருவரைக் கொண்டு வழக்கும் போடலாம். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் திருட்டுத்தனமாக லண்டன்வரை போய்விட்டார். அவரை மீட்க அங்கே நடந்த வழக்கில், பத்தூர்க் கோயிலே வழக்காடும் தகுதியுள்ள ஒரு தரப்பு என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1988இல் வந்த தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நிலைத்து, 1991இல் நடராஜர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

சாமியின் ஒரு நாள்

கோயிலில் எது எப்போது எப்படி நடக்க வேண்டும் என்பதை ஆகமங்கள் சொல்கின்றன. சைவத்தில் முதன்மையானவை 28. வைணவத்தில் பாஞ்சராத்திரம், வைகானசம் என்று இரண்டு மரபுகள். ஸ்ரீரங்கத்தில் முதலாவது, திருமலையில் இரண்டாவது. நுணுக்கங்களில் வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, சாமிக்கும் காலை, மதியம், இரவு உண்டு என்பதுதான்.

பெரிய சிவன் கோயில்களில் ஒரு நாளைக்கு ஆறு காலப் பூஜை. விடியலில் உஷத்காலம், காலையில் காலசந்தி, நண்பகலில் உச்சிக்காலம், அந்தி சாயும் வேளையில் சாயரட்சை, இரவில் இரண்டாம் காலம், கடைசியாக அர்த்தஜாமம். உச்சிக்கால நைவேத்தியம் முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். சாப்பிட்டு ஓய்வெடுக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா, மாலை நாலு மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் அதிகாலை விசுவரூப தரிசனத்தின்போது பசுவையும் யானையையும் சன்னதிமுன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பெருமாள் கண் விழித்ததும் மங்கலமானவற்றைப் பார்க்க வேண்டும்.

மதுரையில் இரவு நடப்பது இன்னும் நெருக்கமானது. அர்த்தஜாமத்தில் சுந்தரேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, நாயனமும் மேளமும் ஒலிக்க மீனாட்சி சன்னதிக்கு எடுத்துப்போகிறார்கள். அங்கே பள்ளியறையில் அம்மனோடு சேர்த்து ஊஞ்சலில் வைத்து, பால் நிவேதனம் செய்து, தாலாட்டாகப் பாடித் திரை போடுகிறார்கள். மறுநாள் விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்பிய பின்தான் அடுத்த நாள் தொடங்கும். மதுரைக்குப் போகிறவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தையும் பொற்றாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், ஒரு நாளாவது இரவு தங்கி இதைப் பார்க்க வேண்டும். கோயில் என்றால் என்ன என்பது அந்தக் கால்மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இந்த ஒரு நாள் கணக்கு ஆண்டுக்கும் நீள்கிறது. மனிதருக்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம்பிக்கை. தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. அப்படியானால் மார்கழி என்பது தேவர்களின் வைகறை. நடராஜருக்கு ஆண்டில் ஆறே ஆறு அபிஷேகம்தான் நடக்கும். மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாசிச் சதுர்த்தசி. இவை முறையே தேவர்களின் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம். நாம் ஒரு நாளில் செய்யும் ஆறு காலப் பூஜையை அவர்கள் ஓர் ஆண்டில் செய்து முடிக்கிறார்கள் என்று பொருள்.

மார்கழியைப் பீடை மாதம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை, புது வீட்டுக்குக் குடிபோவதில்லை என்பதால் வந்த பேச்சு அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வைகறையில் சொந்த வேலையைத் தொடங்காமல் சாமி காரியத்தைப் பார்ப்பதுதான் முறை என்பதால்தான் அந்த மாதம் முழுக்கத் திருப்பாவைக்கும் திருவெம்பாவைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒதுக்கிவைத்த மாதம் அல்ல, எடுத்துவைத்த மாதம்.

சாப்பாடு, புறப்பாடு, ஊடல்

மடைப்பள்ளியில் சமைப்பவர் உப்புப் பார்ப்பதற்காகக்கூட வாயில் வைக்க மாட்டார். சாமிக்கு முன்னால் யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது. அன்னத்தை மூடி எடுத்துவந்து, திரை போட்டு, நீர் சுற்றி, மணி அடித்து நிவேதிப்பார்கள். சாப்பிடும்போது பிறர் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் திரை. திரை விலகியதும் அதே சோறு பிரசாதமாகிவிடுகிறது. சாமி சாப்பிட்ட மிச்சம் என்பதால்தான் அதற்கு அந்த மதிப்பு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சுக்கும் போட்ட இட்லி, அழகர்கோயிலில் தோசை, பழனியில் பஞ்சாமிர்தம், ஒடிசாவின் பூரியில் மண்பானையில் வேகும் மகாபிரசாதம் என்று ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு சமையல் உண்டு. சிவன் அபிஷேகப் பிரியர், பெருமாள் அலங்காரப் பிரியர் என்பார்கள். சாமிக்குச் சாமி விருப்பம் வேறுபடும்.

வீட்டில் இருப்பவர் வெளியே போகவும் வேண்டும். கருவறையில் இருக்கும் கல் மூலவர் நகர மாட்டார். அவருக்குப் பதிலாக ஐம்பொன்னில் செய்த உற்சவர் பல்லக்கிலும் வாகனத்திலும் தேரிலும் புறப்படுவார். கோயிலுக்கு நடந்து வர முடியாத முதியவர்களும் நோயாளிகளும் வாசலில் நின்றே கும்பிடலாம். சிதம்பரம் இதில் விதிவிலக்கு. அங்கே மூலவரான நடராஜரே ஆனியிலும் மார்கழியிலும் சபையை விட்டு வெளியே வந்து தேரேறுகிறார். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி, வழியெல்லாம் மண்டகப்படிகளில் தங்கி, சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும்போது கூடும் கூட்டம், சொந்தத்தில் ஒரு பெரியவர் ஊருக்கு வருகிறார் என்ற உரிமையோடுதான் நிற்கிறது.

ஆள் என்றால் சண்டையும் வரும். திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் நடக்கிறது. பிருங்கி முனிவர் சிவனை மட்டுமே வணங்குவேன், அம்மனை வணங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அவருக்குக் காட்சி தரச் சாமி கிளம்ப, உண்ணாமுலையம்மன் கோபித்துக்கொண்டு தனியே கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாமி கிரிவலம் போய்விட்டு மறுநாள் வந்து சமாதானம் ஆகிறார். இது நடக்கும் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர்.

நோயும் உண்டு. பூரியில் ஆனிப் பௌர்ணமியையொட்டி வரும் ஸ்நான யாத்திரையில் ஜகந்நாதருக்கும் பலபத்திரருக்கும் சுபத்திரைக்கும் 108 குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள். அதனால் அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஏறக்குறைய 15 நாள் யாருக்கும் தரிசனம் கிடையாது. மூலிகை மருந்தும் எளிய உணவும் தந்து தனியறையில் பார்த்துக்கொள்கிறார்கள். உடம்பு தேறியபின் ஊர் சுற்றக் கிளம்புவதுதான் உலகமே பார்க்கும் அந்தத் தேரோட்டம்.

அப்படியானால் கடவுள் இவ்வளவுதானா?

இங்கேதான் தத்துவத்தைச் சொல்ல வேண்டும். எங்கும் நிறைந்தது, உருவமும் பெயரும் குணமும் கடந்தது என்று உபநிடதங்கள் சொல்லும் பிரம்மத்துக்கு எதற்குச் சுக்குக் கஷாயம்? இந்தக் கேள்வியை இந்து மரபுக்குள் இருப்பவர்களே காலம்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று சிவவாக்கியர் ஒரே போடாகப் போட்டார். "உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்" என்றார் திருமூலர். இப்படிக் கேட்டவர்களை மரபு வெளியே தள்ளவில்லை, சித்தர் என்றும் நாயனார் என்றும் கும்பிட்டது.

இதற்குக் கிடைத்த பதில்களில் எனக்கு மனம் ஒப்பியது வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் சொன்னது. தாகத்தோடு நிற்பவனுக்கு எந்த நீர் உதவும் என்று அவர் பார்க்கிறார். ஒவ்வோர் உயிருக்குள்ளும் இருக்கும் இறைவன் நிலத்தடி நீர், தோண்டத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். வைகுண்டத்தில் இருப்பவன் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். பாற்கடலில் இருப்பவன் அந்தப் பாற்கடலைப் போலவே எட்டாதவன். ராமனும் கண்ணனும் பெருகி ஓடிய ஆறு, அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கோயிலில் நிற்கும் உருவமோ அந்த வெள்ளம் வடிந்தபின் தேங்கிய மடு. குனிந்து அள்ளினால் போதும். எல்லாம் ஒரே நீர்தான். எட்டாத கடவுள், மனிதன் கைக்கு எட்டும்படி, அவன் குளிப்பாட்டினால் குளித்து, ஊட்டினால் சாப்பிடும் அளவுக்குத் தன்னை எளிமையாக்கிக்கொள்கிறான் என்பதுதான் இதன் கருத்து.

உயிருக்கும் கடவுளுக்கும் என்ன உறவு என்பதில் பள்ளிகள் பல. இரண்டும் ஒன்றே, வேறாகத் தெரிவது அறியாமை என்றார் சங்கரர். உடலும் உயிரும்போல உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்றார் ராமானுஜர். என்றும் வேறு வேறுதான் என்றார் மத்வர். பதி, பசு, பாசம் என்று இறைவன், உயிர், கட்டு மூன்றையும் வைத்துப் பேசுகிறது தமிழ்நாட்டின் சைவ சித்தாந்தம். கர்மா, மறுபிறவி பற்றி இவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. செய்த வினை பலன் தராமல் போகாது, அது தீரும்வரை பிறவி தொடரும், அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதே வீடு. அந்த விடுதலை எப்படி வருகிறது, முயற்சியாலா அருளாலா என்பதில்தான் விவாதமெல்லாம். புதிதாகப் படிப்பவர் இந்த நான்கையும் ஒரே மூச்சில் கற்க முயலாமல், ஒன்றை எடுத்து நிதானமாகப் படிப்பது நல்லது.

ஆகமம் எட்டாத இடங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கோயில் வழக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு உண்மையில் நெருக்கமான தெய்வம் குலதெய்வம்தான். அப்பா வழியில் வரும் குடும்பச் சாமி. கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டுக் குலதெய்வம். குழந்தைக்கு முதல் மொட்டை, காதுகுத்து அங்கேதான். கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதி அங்கே போகும். அய்யனார், மாடன், கருப்பர், பேச்சி, அங்காளம்மன் என்று பல பெயர்கள். கூரைகூட இல்லாத மேடையாக, ஒரு மரத்தடியாக, நட்டுவைத்த வேலாக இருக்கலாம். சமஸ்கிருத மந்திரம் இருக்காது, பல இடங்களில் பூசாரி, மண்பாண்டம் செய்யும் வேளார் அல்லது பங்காளிகளில் ஒருவர். பொங்கல் வைத்துப் படையல் போடுவார்கள். கிடா வெட்டுவதும் சுருட்டும் சாராயமும் படைப்பதும் உண்டு. புரவி எடுப்பு என்று மண்குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் அய்யனார் கோயிலில் நிறுத்துவார்கள். சாமி ஒருவர்மேல் இறங்கி, குடும்பத்தின் குறையைக் கேட்டுப் பதில் சொல்லும். அங்கே சாமி கல்லில் மட்டும் தங்கிவிடுவதில்லை, பேசக்கூடிய வாயோடும் வருகிறார். இதை "சிறு தெய்வம்" என்று ஒதுக்கும் வழக்கம் சரியல்ல. அழைப்பதும் உணவிடுவதும் உறவாடுவதும் என்ற அந்த அடிப்படை இங்கேதான் பூச்சில்லாமல் தெரிகிறது.

இறந்தவர்களுக்கும் இதே முறைதான். திதியன்று முன்னோரை அழைத்து, உபசரித்து, எள்ளும் நீரும் பிண்டமும் தந்து, அனுப்பிவைக்கிறார்கள். காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகே வீட்டார் சாப்பிடுவார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேசுவரத்திலும் காவிரிக் கரைகளிலும் கூடும் கூட்டம் இதற்காகத்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சாமி குடியிருக்கும் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதைச் சாதி முடிவு செய்த வரலாறு நீண்டது, கொடியது. தீண்டாமையால் உள்ளே போக முடியாத நந்தனார் திருப்புன்கூரில் வெளியே நின்று தவித்தபோது, சிவன் தன்னை மறைத்துநின்ற நந்தியை விலகச் சொன்னதாகப் பெரியபுராண மரபு சொல்கிறது. இன்றும் அங்கே நந்தி விலகித்தான் இருக்கிறது. ஆனால் நந்தியை விலக்கிய ஊர் வாசலைத் திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தார்கள், அதற்குப் பிறகுதான் மாகாண அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1936இல், திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்திருந்தது. சட்டம் வந்தும் சில ஊர்களில் வாசல் இன்றும் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறப்பதில்லை. எங்கும் நிறைந்தவரை எல்லோருக்கும் எளியவராக்கத்தான் கோயில் என்று சொல்லிக்கொண்டு, ஒருவரை வெளியே நிறுத்துவதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

முதன்முறை போகிறவருக்கு

குளித்து, தூய உடையில், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். முதலில் பிள்ளையார். பிறகு கொடிமரம். விழுந்து கும்பிடுவதானால் கொடிமரத்துக்கு முன்தான். உள்ளே மற்ற சன்னதிகளில் கைகூப்பினால் போதும். நந்திக்கும் சிவனுக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள். பிரகாரத்தை உங்கள் வலக்கைப் பக்கம் சாமி இருக்கும்படி சுற்றுங்கள். கற்பூர ஆரத்தி காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வது பலருக்குப் பழக்கம். தயவுசெய்து கண்ணைத் திறந்து பாருங்கள். இருண்ட கருவறையில் சாமி முகம் தெரிவதற்காகத்தான் அந்த வெளிச்சம். நீங்கள் அவரைப் பார்ப்பதும் அவர் உங்களைப் பார்ப்பதும் சேர்ந்துதான் தரிசனம்.

சிவன் கோயிலில் திருநீறு தருவார்கள், அதைக் கீழே சிந்தாமல் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். பெருமாள் கோயிலில் தீர்த்தமும் துளசியும் தந்து, தலையில் சடாரி வைப்பார்கள். பெருமாளின் திருவடி பொறித்த கிரீடம் அது. லேசாகக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிவன் கோயிலில் கடைசியாகச் சண்டிகேசுவரர். அவர் தியானத்தில் இருப்பவர். சத்தமாகக் கைதட்டுவதும் வேட்டி நூலைப் பிய்த்துப் போடுவதும் வேண்டாம். கோயில் பொருள் எதையும் எடுத்துப்போகவில்லை என்று கைகளை மெதுவாகத் துடைத்துக் காட்டினால் போதும்.

அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார். தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். பெயரை மட்டும் சொல்லலாம். அதுவும் வேண்டாம் என்றால் "சாமி பேருக்கே பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் செய்வார்.